அரசு அல்லாத சக்திகளும் உலக அரசியலும்: திண்டுக்கல் ஒப்பந்தத்தை முன்வைத்து

2022 ஏப்ரலில், திண்டுக்கல் மாவட்டத்தின் ஜவுளித் தொழிலாளர்களுக்காக ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு தரப்பில் தலித் பெண்கள் வழிநடத்தும் ஒரு தொழிற்சங்கமும் அதன் பன்னாட்டுத் தோழமை அமைப்புகளும் இருந்தன. மறு தரப்பில் தமிழ்நாட்டின் பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனங்களுள் ஒன்றும், உலகெங்கும் கடைகள் நடத்தும் சுவீடன் நாட்டு ஆடை நிறுவனமான எச் அண்ட் எம்மும் இருந்தன. பின்னர் அமெரிக்காவின் கேப், பிவிஎச் நிறுவனங்களும் இணைந்தன. மூன்று நாடுகளின் நிறுவனங்களைப் பிணைத்த இந்த ஏற்பாட்டில் எந்த நாட்டு அரசும் தரப்பினராக இல்லை.

சர்வதேச உறவுகள் என்ற சொல்லைக் கேட்டதும் பிரதமர்களின் கைகுலுக்கலும் தூதரகங்களும் ஐ.நா. அவையும் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்களும் அப்படியே கற்பிக்கின்றன. ஆனால் நாடுகளுக்கு இடையே நடப்பவற்றில் பெரும்பகுதியை இன்று அரசுகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பன்னாட்டு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், மனித உரிமை அமைப்புகள், சமய நிறுவனங்கள், புலம்பெயர்ந்தோர் சங்கங்கள், ஆயுதக் குழுக்கள் எனப் பலவும் எல்லை கடந்து செயல்படுகின்றன. இவற்றையே அரசறிவியலில் 'அரசு அல்லாத சக்திகள்' என்கிறோம். இவற்றின் வளர்ச்சி தலித் மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதை, திண்டுக்கல் ஒப்பந்தத்தின் அனுபவத்தைக் கொண்டு இங்கே ஆராய்கிறோம்.

யார் இந்த அரசு அல்லாத சக்திகள்?

அரசு அல்லாத சக்தி என்பதையும் அரசு சாராத் தொண்டு நிறுவனம் என்பதையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் தமிழில் உண்டு. தொண்டு நிறுவனம் அவற்றுள் ஒரு வகை மட்டுமே. இறையாண்மை இல்லாமல், அதாவது தனக்கென நாடும் எல்லையும் சட்டமியற்றும் அதிகாரமும் இல்லாமல், நாடுகளுக்கிடையேயான முடிவுகளைப் பாதிக்கும் ஆற்றலுள்ள எந்த அமைப்பும் இதில் அடங்கும். இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பிப்ரவரியில் நார்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்த உடன்பாடு கண்டபோது, ஓர் அரசு அல்லாத சக்தி அரசுக்கு எதிர்த் தரப்பாகக் கையெழுத்திட்டது. போர் முடிந்தபின் ஜெனீவாவின் மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய விவாதங்களைப் புலம்பெயர் தமிழர் அமைப்புகள் தொடர்ந்து உயிர்ப்புடன் வைத்திருக்கின்றன. இவையும் இத்தகைய சக்திகளே.

இவற்றுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதும் சரியன்று. 1919இல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என மூன்று தரப்பினருக்கும் வாக்குரிமை அளித்தது. இந்தியா அதன் தொடக்ககால உறுப்பு நாடு. ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவு, பொருளாதார சமூகக் கவுன்சில் அரசு சாரா அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வழி செய்தது. ஆக, கதவு நூறாண்டுகளாகவே இருக்கிறது. அதன் வழியே யாரை உள்ளே விடுவது என்பதில்தான் அரசுகள் கண்ணும் கருத்துமாக இருந்து வருகின்றன.

எல்லை கடந்து முறையிட்ட மரபு

தலித் அரசியல், உள்ளூர் அதிகாரம் செவிசாய்க்காதபோது அதைத் தாண்டிப் பேசிய அரசியல். 1890களில் இரட்டைமலை சீனிவாசன், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, பறையர் மகாஜன சபையின் சார்பில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் ஆதிக்கச் சாதியினரே அதிகாரிகளாகி ஒடுக்கப்பட்டோரை மேலும் வதைப்பர் என்பது அவருடைய கணிப்பு. பின்னர் அவரும் அண்ணல் அம்பேத்கரும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் பங்கேற்றனர்.

1946இல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு மனு அளித்ததை அறிந்த அம்பேத்கர், அம்மனுவின் படிகளைக் கேட்டு அறிஞர் டபிள்யூ.இ.பி. டூ போய்சுக்குக் கடிதம் எழுதினார். இந்தியத் தீண்டப்படாதோரும் அவ்வழியைப் பின்பற்றலாமா என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஐ.நா. தோன்றி ஓராண்டு கூட நிறைவடையாத காலம் அது.

இம்மரபின் அடுத்த பெரிய கட்டம் டர்பன். 2001 ஆகஸ்ட் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் அந்நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு தொடங்கியது. 1998இல் உருவான தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கமும் 2000இல் உருவான சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பும் சாதியை அம்மாநாட்டின் பொருளாக்கப் பாடுபட்டன. சாதி இனம் ஆகாது, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு வாதிட்டது. மாநாட்டின் இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டே, இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு தனது 29ஆம் பொதுப் பரிந்துரையில், 'பிறப்புவழி' என்ற சொல் சாதி அடிப்படையிலான பாகுபாட்டையும் உள்ளடக்கும் என்று உறுதிப்படுத்தியது. மாநாட்டு மண்டபத்தில் மறுக்கப்பட்டது ஒப்பந்தக் குழுவின் உரையில் ஏறியது.

அரசு இதை மறக்கவில்லை. சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி கோரி 2008இல் விண்ணப்பித்தது. உறுப்பு நாடு ஒன்று கேள்வி எழுப்பினால் விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும் என்பது அங்குள்ள நடைமுறை. இந்தியா அமர்வுக்கு அமர்வு கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில்தான். ஒரு விண்ணப்பத்துக்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் என்பது, சாதியை உலக அவைகளில் பேசவிடாமல் தடுப்பதை இந்திய அரசு எவ்வளவு முக்கியமாகக் கருதியது என்பதற்குச் சான்று.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பார்க்கும்போது

இந்த அவைகள் எல்லாம் வெகுதொலைவில் உள்ளவை. அவற்றுக்கும் திண்டுக்கல் சமவெளியின் அன்றாடத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். ஒட்டன்சத்திரம் வெளியூர்களில் காய்கறிச் சந்தையால் அறியப்படுகிறது. இங்கிருந்து கேரளத்துக்குத் தக்காளியும் முருங்கையும் பிறவும் லாரிகளில் செல்கின்றன. ஆனால் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், திண்டுக்கல் வட்டாரங்களிலிருந்து இன்னொரு சரக்கும் வெளியேறுகிறது. அது நூலும் ஆடையும். ஷிப்டு நேரத்துக்கு ஊர் ஊராகச் சென்று பெண்களை ஏற்றிவரும் மில் வண்டிகள் இவ்வட்டாரத்தில் அனைவருக்கும் பழகிய காட்சி. அவ்வண்டிகளில் செல்வோரில் காலனிப் பெண்கள் கணிசமானவர்கள். நிலமில்லாத அருந்ததியர், பறையர், பள்ளர் குடும்பங்களுக்கு விவசாயக் கூலி சுருங்கிய ஆண்டுகளில் நூற்பாலை வேலையே மாதச் சம்பளத்துக்கான வழியாயிற்று.

'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் இவ்வட்டார மக்களுக்கு விளக்க வேண்டியதன்று. திருமணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டுகளுக்கு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, இறுதியில் ஒரு தொகையைத் திருமணச் செலவுக்கெனத் தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. இடையில் உடல் நலிந்து வெளியேறினால் தொகை கைக்கு வராது. விடுதியை விட்டு விருப்பம்போல வெளியே செல்லவும் முடியாது. இதைப் பற்றி நெதர்லாந்தின் இரண்டு ஆய்வு அமைப்புகள் 2011இலும் 2014இலும் அறிக்கைகள் வெளியிட்டன. அவை ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் உடைகளின் பெயர்ப்பட்டையையும் தமிழ்நாட்டு நூற்பாலையின் விடுதியையும் ஒரே சங்கிலியில் வைத்துக் காட்டின. அதன்பின் வாங்கும் நிறுவனங்கள் பதில் சொல்லும் கட்டாயத்துக்கு உள்ளாயின. ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் வேலை நேரம், ஆம்ஸ்டர்டாமில் விவாதப் பொருளாயிற்று.

ஆயினும் அக்கட்டத்தில் அந்தப் பெண்கள் அறிக்கைகளில் இடம்பெற்றவர்களாக மட்டுமே இருந்தனர். அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினர். பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு இருக்கை இருக்கவில்லை.

சான்றிதழ்கள் காப்பாற்றியதில்லை

அறிக்கைகளுக்கு நிறுவனங்கள் அளித்த பதில் பெரும்பாலும் 'சமூகத் தணிக்கை' என்பதாகவே இருந்தது. தனியார் தணிக்கையாளர் தொழிற்சாலைக்கு வந்து, பதிவேடுகளைப் பார்த்து, சிலரிடம் பேசிச் சான்றிதழ் வழங்குவார். இந்தத் தணிக்கை நிறுவனங்களும் அரசு அல்லாத சக்திகளே. இவர்களுக்கான கட்டணத்தை வழக்கமாக ஆலையோ வாங்கும் நிறுவனமோ செலுத்துகிறது. மேற்பார்வையாளரின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்குத் தொழிலாளி என்ன பதில் சொல்வார் என்பது ஊகிக்கக் கூடியதே.

2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை ஒரு சர்வதேசச் சான்றிதழைப் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் விளைவாக உருவான வங்கதேச உடன்படிக்கை வேறு பாதையைத் திறந்தது. உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்களும் கையெழுத்திட்ட அந்த ஆவணம் சட்டப்படி கட்டுப்படுத்தும் தன்மை கொண்டது. அதை மீறியதாகக் கூறி இரண்டு நிறுவனங்களைத் தொழிற்சங்கங்கள் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. அவ்வழக்குகளில் ஒன்று 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலர் தீர்வுத் தொகையுடன் முடிந்தது. வழக்கமாக நாடுகள் வழக்காடும் மன்றத்தில் தொழிற்சங்கம் வாதியாக நின்றது.

2019இல் ஆப்பிரிக்காவின் லெசோதோவில், பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கான ஒப்பந்தம் ஒன்று உருவானது. தைவான் நாட்டு ஆலை நிறுவனம், லீவைஸ் உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்கள், உள்நாட்டுத் தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் ஆகியவை அதில் பங்கேற்றன. வேண்டுகோளுக்கும் வாக்குறுதிக்கும் அப்பால், மீறினால் விலை கொடுக்கவேண்டிய ஒப்பந்தம் என்பதே இவ்விரண்டுக்கும் பொதுவான கூறு.

ஒரு கொலையும் ஓர் ஒப்பந்தமும்

2021 ஜனவரி 5 அன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த 20 வயது தலித் பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அத்தொழிற்சாலை ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதன் மேற்பார்வையாளர் ஒருவர் கொலை வழக்கில் கைதானார். பல மாதங்களாகப் பாலியல் தொல்லைக்கு அப்பெண் உள்ளானதாகக் குடும்பத்தாரும் உடன் பணிபுரிந்தோரும் கூறினர். அவர் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். 2013இல் தோன்றிய இச்சங்கம் பெண்களால், குறிப்பாகத் தலித் பெண்களால் வழிநடத்தப்படுவது.

பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 2013 முதல் உள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் உள்ளது. ஆனால் உள்ளகக் குழுவை அமைப்பவர் முதலாளி. தலித் பெண் தொழிலாளி, தன்னை வேலையிலிருந்து நிறுத்தக்கூடிய ஆண்களைப் பற்றி அவர்கள் நியமித்த குழுவிடமே புகார் சொல்ல வேண்டும். அந்த ஆண்கள் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினராகவும், சில வேளை அருகூர்க்காரர்களாகவும் இருப்பர். சட்டம் ஏட்டில் இருந்தும் ஆலைக்குள் நுழையாமல் போனதற்கு இதுவே காரணம்.

சங்கம் இக்கொலையைத் தனியொருவரின் குற்றமாகச் சுருக்க மறுத்தது. சங்கத் தலைவர் திவ்யராகினியும் தோழர்களும் தொழிலாளர்களின் வாக்குமூலங்களைத் திரட்டினர். ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் என்ற ஆசியத் தொழிலாளர் கூட்டணியும், அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் அவர்களோடு இணைந்தன. ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்டியம் என்ற கண்காணிப்பு அமைப்பு தனியே விசாரணை நடத்தியது. இறந்த பெண்ணின் பெயரிலேயே பன்னாட்டுப் பரப்புரை நடந்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட பேச்சுவார்த்தையின் முடிவில் கிடைத்ததே திண்டுக்கல் ஒப்பந்தம். பாலின அடிப்படையிலான வன்முறையை ஒழிக்க, வாங்கும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் வகையில் ஆசியாவில் கையெழுத்தான முதல் ஒப்பந்தம் இது. ஆடைத் தொழிற்சாலையோடு நூற்பாலையும் இதன் வரம்புக்குள் வந்தது. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை இது உள்ளடக்கியது.

அது எப்படி இயங்கியது?

முதலாவதாக, தையல் பிரிவுகளில் பணிபுரியும் பெண்களிலிருந்தே தொழிலாளர் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தது. மேற்பார்வையாளர் தகாத சொல் சொன்னாலோ, கழிவறைக்குச் செல்ல விடாமல் தடுத்தாலோ, பக்கத்து இருக்கையில் இருப்பவரே அதைப் பதிவு செய்து பேசலாம். பேசியவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்த விதி.

இரண்டாவதாக, சிக்கலான புகார்களை நிர்வாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர்கள் விசாரிக்க வழி செய்யப்பட்டது. சட்டம் கோரும் உள்ளகக் குழுவைச் சீரமைப்பதும் இதன் பகுதி.

மூன்றாவதாக, பாலினத்தோடு சாதி அடிப்படையிலான பாகுபாடும் புலம்பெயர்ந்து வந்தவர் என்ற அடிப்படையிலான பாகுபாடும் தடை செய்யப்பட்டன. டர்பன் பிரகடனத்தில் இடம்பெற முடியாமல் போன சாதி, இங்கே பன்னாட்டு நிறுவனங்கள் ஏற்ற ஆவணத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது.

நான்காவதாக, ஆலை நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் விளைவுகளை ஏற்படுத்தக் கடமைப்பட்டவை. ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுதான். ஆலையைப் பணிய வைக்கும் வலிமை ஆர்டரில் இருக்கிறது. அவ்வலிமை சங்கத்தின் கைக்கு எட்டும்படி செய்யப்பட்டது.

முதலாண்டு அறிக்கையின்படி 185 புகார்கள் எழுப்பப்பட்டு அவற்றுள் 182 தீர்த்து வைக்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் முடிந்தன. புகார் எண்ணிக்கை கூடுவது ஆலை மோசமாகிவிட்டதன் அடையாளம் என்று சிலர் கருதக்கூடும். புகாரே வராத ஆலைகளில் என்ன நடந்தது என்பதை நாம் அறிந்திருக்கிறோம். பேசினால் வேலை போகாது என்ற நம்பிக்கை வந்த பிறகே வாய்கள் திறக்கின்றன.

இதில் அரசின் பங்கு ஒன்றும் உண்டு, ஆனால் அது அமெரிக்க அரசு. கட்டாய உழைப்பால் உருவான பொருளை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் 1930ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 307ஆம் பிரிவின் கீழ், 2022 ஜூலை 29 அன்று அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி அப்பேரல்ஸ் சரக்கை நிறுத்திவைக்க ஆணையிட்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து நிலைமை மாறியதற்கான சான்றுகள் முன்வைக்கப்பட்டதும், ஆறு வாரத்துக்குள், செப்டம்பர் தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இத்தகைய தடைகள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம், ஆலை தன் அமெரிக்கச் சந்தையைத் திரும்பப் பெறத் துணைநின்றது. சங்கம் இருந்தால் ஆர்டர் போய்விடும் என்று கொங்கு வட்டார முதலாளிகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

அதே கதவு எதிர்த்தரப்புக்கும் திறந்திருக்கிறது

அரசு அல்லாத சக்தி என்பதாலேயே ஒன்று நம் பக்கம் நிற்கும் என்று கொள்வது பிழை. சாதியும் எல்லை கடந்து அமைப்பாகியுள்ளது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம், பாகுபாட்டுக்கான தடைப் பட்டியலில் சாதியைச் சேர்த்தது. அவ்வியக்கத்தில், தமிழ் தலித் குடும்பத்திலிருந்து வந்த தேன்மொழி சௌந்தரராஜன் நிறுவிய ஈக்குவாலிட்டி லேப்ஸ் போன்ற அமைப்புகள் முன்னின்றன. அதே ஆண்டு கலிபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய எஸ்.பி. 403 மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட அமைப்புகள் அம்மசோதாவுக்கு எதிராகத் தீவிரமாகப் பரப்புரை செய்திருந்தன. இரு தரப்பும் அரசு அல்லாத சக்திகளே. ஒன்று சாதி ஒழிப்புக்காகவும் மற்றொன்று அதைச் சட்டத்தில் பெயரிட்டுச் சொல்வதற்கு எதிராகவும் வாதிட்டன.

பன்னாட்டு நிறுவனங்களின் நிலையும் இதுவே. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் அதற்கு முன்பும் அதே வட்டாரத்தில் ஆடை வாங்கிக்கொண்டுதான் இருந்தன. கையெழுத்திடத் தூண்டியது கொலைக்குப் பின் எழுந்த உலகளாவிய நெருக்கடியே. நெருக்கடி தளர்ந்தால் அக்கறையும் தளரும். விலையைக் குறைக்கச் சொல்லியும் காலக்கெடுவைச் சுருக்கியும் ஆலையை நெருக்குவதும் இதே நிறுவனங்களின் துறைதான். அந்த நெருக்கடி மேற்பார்வையாளரின் வசைச் சொல்லாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் மேல் வந்து விழுகிறது.

எட்டும் தூரமும் எட்டாத தூரமும்

இவ்வழியின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஒட்டன்சத்திரம் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் உருவாகும் நூல் திருப்பூர் சென்று துணியாகி, சாயமேறி, வேறோர் ஆலையில் தைக்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. வாங்கும் நிறுவனங்கள் வெளியிடும் பட்டியல்களில் பெரும்பாலும் கடைசியாகத் தைக்கும் ஆலையின் பெயரே இருக்கும். நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண், தன் நூல் எந்த நிறுவனத்தின் சட்டையாகிறது என்பதை அறியவே வழியில்லை. அறியாத நிறுவனத்தின்மேல் அழுத்தம் கொடுக்க இயலாது. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் நூற்பாலை இடம்பெற்றது, ஆலையும் நூற்பாலையும் ஒரே குழுமத்தினுடையவை என்பதால் எளிதாயிற்று.

அடுத்து, வெளிநாட்டுப் பெயர்ப்பட்டை இல்லாத உழைப்பு. காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர், முருங்கைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண், நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஆகியோரின் உழைப்பு ஐரோப்பியக் கடைக்குச் செல்வதில்லை. இந்தியாவில் தலித் உழைப்பின் மிகப் பெரும்பகுதி இத்தகையதே. அவர்களுக்கு எச் அண்ட் எம்மும் அமெரிக்கச் சுங்கத் துறையும் உதவ முடியாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், உள்ளூர்க் காவல் நிலையமும், தொழிலாளர் துறை ஆய்வாளரும்தான் அவர்களுக்குக் கிட்டக்கூடியவை. எனவே அரசு பின்வாங்கட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற வாதத்துக்குத் திண்டுக்கல் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டாக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது.

மேலும், அரசுகள் நினைத்தால் இந்த வெளியை ஒரே நாளில் சுருக்க இயலும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அதைத் தீர்மானித்த அறையில் எந்தத் தொழிற்சங்கமும் இருக்கவில்லை. விநியோகச் சங்கிலியில் மனித உரிமைக்கு நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் ஜெர்மன் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே நோக்கிலான ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை 2024இல் ஏற்கப்பட்டது. அதன் மை காயுமுன், 2025இலேயே அதைத் தளர்த்தும் முயற்சிகள் தொடங்கிவிட்டன.

இந்திய அரசின் அணுகுமுறையில் ஒரு முரண் கூர்ந்து நோக்கத்தக்கது. அந்நிய மூலதனத்தை வரவேற்கச் சிவப்புக் கம்பளம் விரிக்கப்படுகிறது. அந்நியத் தோழமைக்கோ 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் காவல் நிற்கிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு அதைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடை செய்தது. கிராமங்களில் இயங்கும் சிறு தலித் அமைப்புகளை இது நேரடியாகத் தாக்கியது. சங்கம் சேரும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளையும், பணியிட வன்முறை பற்றிய 2019ஆம் ஆண்டின் 190ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. பணம் எல்லை கடக்கலாம், உரிமை கடக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

நாம் கோர வேண்டியவை

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வருகிறோம். எந்தப் பன்னாட்டு ஏற்பாடானாலும், அதில் பாதிக்கப்பட்டோரின் சொந்த அமைப்பு கையெழுத்திடும் தரப்பாக உள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் பயனாளிகளாகவோ ஆய்வுப் பொருளாகவோ மட்டும் இடம்பெறும் திட்டம், நிதி நிற்கும் நாளில் நின்றுவிடும். அடுத்து, மீறினால் யார், எதை இழப்பார் என்பது எழுத்தில் உள்ளதா என்று கேட்க வேண்டும். சாதி என்ற சொல் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளதா என்பதும் சமமான கேள்வி. 'பன்முகத்தன்மை', 'உள்ளடக்கம்' போன்ற மென்சொற்கள் காலனிப் பெண்ணைக் காப்பதில்லை.

அரசிடம் கோர வேண்டியவையும் உண்டு. நூற்பாலை வரையிலான விநியோகச் சங்கிலியை நிறுவனங்கள் வெளிப்படுத்துவதைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கலாம். உள்ளகப் புகார்க் குழுக்களில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கலாம். ஆலை விடுதிகளில் சங்கத்தினர் தொழிலாளர்களைச் சந்திக்கும் உரிமையை உறுதி செய்யலாம். 190ஆம் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ய ஒன்றிய அரசை வலியுறுத்தலாம். இவற்றுள் எதற்கும் வாஷிங்டனின் அனுமதி வேண்டியதில்லை.

திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரு குழுமத்தின் ஆலைகளுக்கானது. மாவட்டத்தில் உள்ள மற்ற ஆலைகளின் பெண்கள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைக்க இன்னொரு பெண் கொல்லப்பட வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. ஒப்பந்தத்துக்கான விலை ஒருமுறை கொடுக்கப்பட்டுவிட்டது. அதன் விதிகளை எல்லா ஆலைகளுக்கும் பொதுவாக்கும் பொறுப்பு, அதில் கையெழுத்திடாத அரசுகளுக்கே உரியது.